கொள்ளுத்தாத்தாவைப் பத்திரத்தில் தேடுவது

தஞ்சாவூர் ஜில்லாவில் பூர்வீகம் தேடுகிறவர்கள், அதிலும் மலேசியா, தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ் என்று போய்விட்ட குடும்பங்களின் பேரன் பேத்திகள், முதலில் கேட்பது பழைய சென்சஸ் தாள்களை. இங்கிலாந்து, அமெரிக்கக் குடும்ப மரங்களைப் பார்த்துப் பழகியதால் வரும் கேள்வி அது. இங்கே வீடு வீடாகப் போய் எழுதிய தாள்கள், மொத்தக் கணக்கு எடுத்து முடிந்ததும் அழிக்கப்பட்டுவிட்டன. 1948-ஆம் வருஷத்து சென்சஸ் சட்டமும் தனி ஆள் விவரத்தை யாருக்கும் காட்டக் கூடாது என்கிறது. அந்த ஆசையை விட்டுவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம்.

காவிரிப் பாசனத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றி சர்க்கார் கவலைப்பட்டதெல்லாம் நிலத்தை முன்னிட்டுத்தான். யார் பேரில் இருக்கிறது, வரி யார் கட்டுவது, அவருக்குப் பின் யார். ஆகவே நிலம் கைமாறி வந்த வழியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் தகப்பன் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும். நிலமே இல்லாத குடும்பத்துக்கு வழி வேறு, அதைத் தனியாக எழுதியிருக்கிறேன். இணையத்துக் குடும்ப மரம் இதில் கடைசி வேலை. பலரும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

வீட்டில் கிடைப்பது

பெயர் விசாரிக்கப் போகிறவர்கள் பெரியப்பா, சித்தப்பாவிடம் போய் உட்காருவார்கள். அத்தைமார்களிடம் போவது மேல். கட்டிக்கொடுத்து வேறு ஊர் போன பெண்கள், எந்த வீட்டில் பெண் எடுத்தது, எந்த வீட்டுக்குக் கொடுத்தது என்ற கணக்கை விடாமல் வைத்திருப்பார்கள். ஆனால் "தாத்தா பேர் என்ன?" என்று மொட்டையாகக் கேட்டால் கூப்பிடும் பெயர்தான் வரும். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்று இருந்த காலத்தில், அந்தப் பெயரையே வைத்த தன் பிள்ளையை அவள் ஐயா, தம்பி, துரை, குஞ்சு என்று ஏதாவது சொல்லிக் கூப்பிட்டாள். ஊர் முழுக்க 'குஞ்சு பிள்ளை' என்று அறிந்தவர் பத்திரத்தில் வைத்தியநாத பிள்ளையாக இருப்பார். கூப்பிடுற பேர் என்ன, எழுத்துல உள்ள பேர் என்ன, யார் பேரை வச்சாங்க என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

மூன்றாவது கேள்விதான் பின்னால் அதிகம் உதவும். மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர் என்பது இங்கே பெரும்பாலான குடும்பங்களில் வழக்கம். ராமசாமி மகன் சுப்பிரமணியன், அவர் மகன் ராமசாமி, அவர் மகன் சுப்பிரமணியன் என்று ஓடும். இதில் இரண்டு விதமாகத் தடுக்கி விழலாம். 1860-இல் இருந்த ராமசாமியையும் 1920-இல் இருந்த ராமசாமியையும் ஒருவராக நினைத்து நடுவில் இரண்டு தலைமுறையை விழுங்கிவிடுவது ஒன்று. இன்னொன்று, அண்ணன் தம்பி நாலு பேரும் தங்கள் மூத்த பிள்ளைக்கு ஒரே தாத்தா பெயரை வைத்திருப்பது. ஒரே தெருவில் நாலு ராமசாமி. பெயருக்கு முன் நிற்கும் ஒற்றை எழுத்தைத் தவிர அவர்களைப் பிரிக்க வேறு வழி கிடையாது. பத்திரத்தை நகல் எடுக்கும்போது இனிஷியலை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

அமாவாசைத் தர்ப்பணம் விடாத வீடாக இருந்தால் நல்ல அதிர்ஷ்டம். அப்பா வழியில் மூன்று தலைமுறை ஆண்கள், அவர்கள் மனைவிமார், அம்மா வழியில் அதே போல மூன்று தலைமுறை என்று பன்னிரண்டு பெயர்கள் அதில் வரும். பாட்டியின் மாமியார் பெயர் வேறு எந்தக் காகிதத்திலும் இருக்காது, இங்கே இருக்கும். கல்யாணத்தில் சொல்லும் பிரவரத்திலும் கொள்ளுப்பேரன், பேரன், மகன் என்று மூன்று தலைமுறை உண்டு. வாத்தியார் கையில் இருக்கும் நோட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பாடமாகச் சொல்வதைக் கேட்டு எழுதினால் 'வேங்கடராமன்', 'வேங்கடரமணன்' போன்ற குழப்பங்கள் வரும்.

மற்ற குடும்பங்களில் குலதெய்வக் கோயில் நோட்டு அந்த வேலையைச் செய்கிறது. தலைக்கட்டு வரி வசூலிக்கும் கோயிலில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. எந்த வருஷம் ஒருவர் பெயர் புதிதாகச் சேர்கிறதோ அதற்குச் சற்று முன் அவர் கல்யாணம் நடந்திருக்கும். எந்த வருஷம் பெயர் விழுகிறதோ அப்போது இறந்திருப்பார், அல்லது ஊரை விட்டுப் போயிருப்பார். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் மொய் நோட்டு இதைவிடப் பெரிய புதையல். மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் ஊர், தெரு, தகப்பன் பெயரோடு பிழையில்லாமல் எழுதியிருப்பார்கள். முதல் பக்கத்தில் தாய்மாமன் சீர் இருக்கும். பெண் வழி உறவைக் கண்டுபிடிக்க அந்த முதல் பக்கம் ஒன்று போதும்.

பத்திரம்

சென்னை மாகாணத்தில் பத்திரப் பதிவு 1860-களின் நடுவில் தொடங்கியது. அதற்குப் பிறகு விற்றது, அடமானம் வைத்தது, பாகம் பிரித்தது எல்லாம் சார்பதிவாளர் அலுவலகப் புத்தகங்களில் நகலாக இருக்க வேண்டும். அசையாச் சொத்துக்கு ஒன்றாம் புத்தகம், உயிலுக்கு மூன்றாம் புத்தகம். நூறு ரூபாய்க்குக் குறைந்த நிலக் கிரயத்தைப் பதியாமல் விடலாம் என்று சட்டம் இருந்ததால் சின்னக் கிரயங்கள் பல விட்டுப்போயிருக்கும். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துத் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டும் பதிவாகியிருக்காது, அது யாராவது ஒருவர் வீட்டுத் தகரப் பெட்டியில்தான் கிடக்கும்.

தேடும் வரிசை இப்படி. முதலில் இன்றைய பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு. மூன்றையும் தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். இறந்து முப்பது வருஷமான தாத்தா பெயரிலேயே பட்டா நிற்பது இந்தப் பக்கம் சகஜம், நமக்கு அது நல்லதுதான், அவர் தகப்பன் பெயரும் கூடவே இருக்கும். அங்கிருந்து சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-இலிருந்து திரையிலேயே வந்துவிடும். அதற்கு முந்தையதை அலுவலகத்தில் மனுப் போட்டு, வருஷத்துக்கு இவ்வளவு என்று தேடுகூலி கட்டிப் பெற வேண்டும். வில்லங்கத்தில் வருவது பத்திர எண், வருஷம், தரப்பினர் பெயர், சொத்து விவரம். அந்த எண்ணை வைத்துச் சான்றிட்ட நகல் கேட்டால்தான் முழு வாசகமும் கையில் வரும். வில்லங்கத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் பாதிக் கதையை விட்டுவிடுகிறார்கள்.

இங்கே மாட்டிக்கொள்வது சர்வே எண்ணில். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். வேலையில் உட்பிரிவுகள் நிறைய மாறின, மறுஅளவை நடந்த ஊர்களில் எண்ணே வேறாகிவிட்டது. இன்றைய எண்ணை வைத்து 1940-க்குத் தேடினால் 'வில்லங்கம் இல்லை' என்று சுத்தமாக ஒரு தாள் வரும். கட்டிய காசு வீண். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும் பட்டியலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிட்டு அப்புறம் தேடுங்கள். தர மறுத்தால் பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. சர்வே எண் தெரியவே தெரியாது என்றால் சார்பதிவகத்தில் பெயர் வாரியான அட்டவணை தனியாக உண்டு, அதில் தேடச் சொல்லலாம். ஊர் எந்த வருஷம் எந்தச் சார்பதிவகத்தில் இருந்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லைகள் பல தடவை மாறியிருக்கின்றன.

பழைய பத்திரத்தின் தலைப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்: "1893-ம் வருஷம் ஜூன் மாதம், விஜய வருஷம் ஆனி மாதம், தஞ்சாவூர் ஜில்லா நன்னிலம் தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் காலஞ்சென்ற சாமிநாத பிள்ளை குமாரர் வெள்ளாள ஜாதி சிவமதம் பயிர்ச்செலவு வைத்தியநாத பிள்ளை வயது சுமார் 40, மேற்படியார் குமாரன் மைனர் சாமிநாதனுக்குத் தகப்பனும் கார்டியனுமாக…" ஒரே மூச்சில் மூன்று தலைமுறை. 1893-இல் தகப்பனார் உயிரோடு இல்லை என்பதும் அதிலேயே தெரிகிறது. 'சுமார் 40' என்றால் முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்துக்குள் எதுவாகவும் இருக்கலாம். பெரியவர்கள் வயதை ஐந்து, பத்தாகத்தான் சொன்னார்கள். மைனர் வயது அப்படியில்லை. எப்போது மேஜர் ஆவான், எப்போது வந்து வழக்குப் போடுவான் என்ற பயம் வாங்குகிறவருக்கு இருந்ததால் அதைக் கேட்டு எழுதினார்கள். அதை நம்பலாம்.

சொத்து எப்படி வந்தது என்று ஒரு வரி இருக்கும். 'பிதுரார்ஜிதம்' என்றால் இன்னும் பின்னால் தகப்பன் வழியில் போங்கள். 'சுயார்ஜிதம்' என்றோ, இன்ன தேதியில் இன்னாரிடம் கிரயம் பெற்றது என்றோ இருந்தால் அந்த நிலத்தின் பழைய சொந்தக்காரர் உங்கள் மூதாதை இல்லை, அங்கே திரும்பிவிட வேண்டும். 'சுவீகார குமாரர்' என்று இருந்தால் பெற்ற தகப்பன் வேறு ஒருவர், அநேகமாகப் பங்காளி வீட்டில் இருப்பார். கீழே நாலு எல்லையைப் படிக்காமல் விடாதீர்கள். பாகம் பிரித்த நிலத்தில் வடக்கே இருப்பவரும் தெற்கே இருப்பவரும் பெரும்பாலும் அண்ணன் தம்பி, அல்லது அவர்கள் பிள்ளைகள். பின் பக்கத்தில் பதிவாளர் முன் அடையாளம் காட்டியவர்கள் இரண்டு பேர் தகப்பன் பெயரோடு கையெழுத்துப் போட்டிருப்பார்கள். மைத்துனர், மாப்பிள்ளை, சகலை எல்லாம் அந்த இடத்தில்தான் தென்படுவார்கள்.

பெண்களைத் தேடுவது கஷ்டம். 1956 வாரிசுச் சட்டத்துக்கு முன் பாகப் பத்திரங்களில் மகள்கள் பெயர் அநேகமாக இருக்காது. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் வந்தது 1989-இல். அதன் பிறகு விடுதலைப் பத்திரங்களில் அக்கா தங்கை எல்லோரும் புருஷன் பெயர், ஊர் சகிதம் வரிசையாக வந்து கையெழுத்துப் போடுகிறார்கள். ஆகவே பாட்டியின் பெயருக்கு 1920 பாகப் பத்திரத்தைவிட 1990-களின் விடுதலைப் பத்திரம் உதவும், "காலஞ்சென்ற இன்னாருக்கும் அவர் மனைவி இன்னாருக்கும் பிறந்த" என்று எழுதியிருந்தால். அதற்கு முந்தைய காலத்தில் பெண் பெயர் கிடைக்கும் இடங்கள் மூன்றுதான்: கல்யாணத்தில் பெண்ணுக்கு மஞ்சள்காணியாகக் கொடுத்த நிலம், புருஷன் இறந்து மைனர் பிள்ளைக்குக் கார்டியனாக நின்ற தாய், ஜீவனாம்ச வழக்கு.

வழக்கு என்றதும் இன்னொன்று. நம் ஜில்லாவில் வழக்குப் போடாத மிராசு குடும்பம் அபூர்வம். பாக வழக்கில் வம்சாவளிப் படம் போடாமல் தீர்ப்பு எழுத முடியாது. மேல்முறையீட்டில் சென்னை ஹைகோர்ட் வரை போனவற்றில் பல, இந்தியன் கானூன் தளத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக அடித்துத் தேடிப் பாருங்கள். வக்கீல் காசில் யாரோ செய்துவைத்த ஆராய்ச்சி அது. ஒரு எச்சரிக்கை: வாதி சொன்ன வம்சாவளியும் கோர்ட் ஒப்புக்கொண்ட வம்சாவளியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தீர்ப்பின் கடைசி வரை படித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பங்கைக் கணக்குப் போட்டால் தலை எண்ணிக்கை வரும்

இதை யாரும் செய்வதில்லை, ஆனால் டெல்டாவில் இதைவிட நல்ல சோதனை கிடையாது. ஒரு வேலி இருபது மா, ஒரு மா நூறு குழி, இன்றைய கணக்கில் மா ஒன்றுக்கு சுமார் 33 சென்ட். பத்திரத்தில் '6 மா 66 குழி' என்று பார்த்தால் ஒரு வேலியை மூன்று பேர் பிரித்திருக்கிறார்கள். '3 மா 33 குழி' என்றால் அதே வேலி ஆறாகியிருக்கிறது: மூன்று பேரில் ஒருவர் பங்கை இரண்டு பிள்ளைகள் பிரித்தது, அல்லது இரண்டு பேரில் ஒருவர் பங்கை மூன்று பிள்ளைகள் பிரித்தது. வீட்டில் "தாத்தாவும் அவர் அண்ணனும் ரெண்டே பேர்தான்" என்று சொல்லி, பங்கோ மூன்றில் ஒன்றாக இருந்தால், யாரோ ஒருவர் கதையிலிருந்து விழுந்துவிட்டார். இளம் வயதில் போனவராக இருக்கலாம், ரங்கூன் போய்த் திரும்பாதவராக இருக்கலாம், இளைய தாரத்துப் பிள்ளையாக இருக்கலாம்.

மிராசு கிராமங்களில் முழு ஊரையும் இத்தனை பங்கு என்று வைத்திருந்தார்கள். 1880-இல் ஒருவர் பெயரில் அரைப் பங்கு இருந்து, 1930-இல் அவர் பேரன் பன்னிரண்டில் ஒரு பங்கை விற்கிறார் என்றால் நடுவில் ஆறாகப் பிரிந்திருக்கிறது. அந்த ஆறு பேரையும் பெயர் சொல்லி நிறுத்தும் வரை மரம் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு ஒத்து வராவிட்டால் இரண்டு காரணத்தைப் பாருங்கள். பிள்ளையில்லாமல் இறந்த சகோதரன் பங்கு மற்றவர்களுக்குப் போய் அவர்கள் பங்கு பெருத்திருக்கும். அல்லது ஒருவர் தன் பங்காளியிடமே விலைக்கு வாங்கியிருப்பார்.

எழும்பூரில் இருப்பது

பதிவுக்கு முந்தைய காலத்துக்குப் போக, இனாம் (மானிய) நிலம் இருந்த குடும்பங்களுக்கு மட்டும் ஒரு நல்ல வழி உண்டு. 1858-இல் அமைத்த இனாம் கமிஷன் அடுத்த சில வருஷங்களில் ஊர் ஊராக விசாரித்து எழுதியது இனாம் ஃபேர் ரிஜிஸ்டர். அக்கிரகாரம், கோயில் ஊழியம், சத்திரம், தர்காவுக்கு விட்ட மானியம் எல்லாம் அதில் வரும். யார் கொடுத்தது, முதலில் யாருக்குக் கொடுத்தது, இப்போது அனுபவிப்பவர் யார், வயது என்ன, முதலில் பெற்றவருக்கு இவர் என்ன உறவு என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கிறார்கள். 1860-களில் அறுபது வயதான ஒருவருடைய பாட்டன் பெயர் கிடைத்தால் 1750 பக்கம் வந்துவிட்டோம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிராமம், தாலுகா, இனாமின் டி.டி. (டைட்டில் டீட்) நம்பர் மூன்றையும் கொடுத்துக் கேளுங்கள். நம்பர் தெரியாவிட்டால் 1963 சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்தில் உங்கள் ஊருக்கு நடந்த செட்டில்மென்ட் உத்தரவைத் தேடுங்கள், அதில் குறித்திருப்பார்கள்.

கேட்கும்போது அன்றைய தாலுகாவைச் சொல்ல வேண்டும். நீடாமங்கலம், குடவாசல், திருவிடைமருதூர், கீழ்வேளூர் எல்லாம் பின்னால் வந்த வட்டங்கள். ஜில்லாவே 1991-இல் நாகப்பட்டினம், 1997-இல் திருவாரூர், 2020-இல் மயிலாடுதுறை என்று பிரிந்தது. பழைய பைலில் எல்லாம் தஞ்சாவூர்தான்.

அரண்மனை ஊழியம், சத்திர நிர்வாகம் என்று இருந்த குடும்பங்களுக்கு மராட்டியர் காலத்தில் மோடி என்ற எழுத்தில் எழுதிய ஆவணங்கள் உண்டு. ஒரு பகுதி தமிழில் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. ராஜராஜன் கல்வெட்டில் பாட்டன் பெயரைத் தேடுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்லலாம்: பெயர் கிடைக்கலாம், அங்கிருந்து இன்றைய குடும்பம் வரை ஆள் ஆளாக இணைக்கும் ஆவணம் கிடைக்காது. பட்டப் பெயர் ஒன்றாக இருப்பது வம்சாவளி ஆகாது.

தேதி

வருவாய்க் கணக்கு வருஷமான பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில வருஷம் வரும், ஜூலை முதல் தேதியிலிருந்து. பசலி 1303 என்றால் 1893 ஜூலை முதல் 1894 ஜூன் வரை. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய். ௲௮௱௯௰௩ என்று இருந்தால் 1893. இது பழகிவிட்டால் கணக்கு நோட்டுகள் எல்லாம் திறந்துகொள்ளும்.

பிரபவ முதல் அட்சய வரையிலான தமிழ் வருஷம்தான் தொல்லை, அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வருகிறது. 'விரோதி வருஷம்' என்று ஜாதக நோட்டில் இருந்தால் அது 1889-ஆ, 1949-ஆ? ராசிக் கட்டத்தில் குருவையும் சனியையும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அறுபது வருஷத்தில் குரு ஐந்து சுற்று, சனி இரண்டு சுற்று முடித்துவிட்டு அதே ராசிக்கோ அடுத்த ராசிக்கோ வந்து நிற்கும். ராகுவைப் பாருங்கள். அதன் சுற்று சுமார் 18½ வருஷம், அறுபது வருஷத்தில் ஏறக்குறைய மூன்று ராசி தள்ளிப்போயிருக்கும். ராகு நிற்கும் ராசியை இரண்டு வருஷத்துக்கும் கணினியில் பஞ்சாங்கம் போட்டு ஒத்துப் பார்த்தால் அஞ்சு நிமிஷ வேலை. கிழமையும் நட்சத்திரமும் அதையே உறுதி செய்ய வேண்டும்.

எழுதி வைக்காதவர்களுக்கு ஊர் நினைவு இருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 78 வரை. காவிரியும் கொள்ளிடமும் உடைத்துக்கொண்ட பெருவெள்ளம் 1924 ஜூலை. மேட்டூர் அணை 1934. நாகப்பட்டினம் பக்கம் அடித்த பெரும்புயல் 1952 கார்த்திகை, இன்னொரு பெரும்புயல் 1977 நவம்பர். "வெள்ளத்தப்போ இடுப்புல இருந்தேன்" என்று ஒரு பாட்டி சொன்னால் அந்த வயது, பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டைவிட நம்பகம். சேர்க்க வந்த அன்றைக்கு வாத்தியார் போட்ட ஜூன் மாதப் பிறந்த தேதிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், புரியும்.

நிலம் இல்லாதவர்களுக்கு

பண்ணையாளாக இருந்த குடும்பங்களைப் பத்திரங்களில் தேடிப் பயனில்லை. அவர்கள் எழுத்தில் வருவது வேறு வாசல்களில். 1969 குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி எழுதிய குத்தகைப் பதிவேட்டில் சாகுபடிதாரர் பெயர் இருக்கும். குடியிருந்த மனைக்கட்டை அவர்களுக்கே சொந்தமாக்கிய 1971 குடியிருப்புச் சட்டத்தின் பட்டா, பல குடும்பங்களுக்கு முதல் சொத்து ஆவணம். அதில் பெறுபவர், தகப்பன் பெயர், மனையின் எல்லைகள், நிலச் சொந்தக்காரர் எல்லாம் உண்டு. நிலச் சொந்தக்காரர் பெயர் தெரிந்தால் எந்தப் பண்ணை என்பது தெரியும், பண்ணைக் கணக்கு நோட்டு எங்காவது மிஞ்சியிருந்தால் கூலி நெல் அளந்த பட்டியலில் பெயர்கள் கிடைக்கும்.

கிராமப் பிறப்பு இறப்புப் பதிவேடு ஜாதி பார்க்காமல் எல்லோரையும் எழுதியது. 1980-இல் பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழியும் வரை அவர்கள் கையில் இருந்தது அது. குழந்தைக்குப் பெயர் வைக்குமுன் எழுதுவதால் பெயர்க் கட்டம் காலியாக, 'ஆண்', 'பெண்' என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயரையும் தெருவையும் வைத்துத் தேட வேண்டும். பேரைச் சொல்லிக் கேட்டால் 'பதிவு இல்லை' என்று கிடைக்காச் சான்று கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வருஷத்தைச் சொல்லி, அதற்கு முன் இரண்டு, பின் இரண்டு வருஷம் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள். தொடக்கப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் பாருங்கள். வாக்காளர் பட்டியல் மறக்க வேண்டாம்: 2025 தீவிரத் திருத்தத்துக்காக 2002, 2005 பட்டியல்கள் இணையத்தில் ஏறியிருக்கின்றன. வீட்டு எண், வயது, தகப்பன் அல்லது கணவர் பெயர் உண்டு. எண்பது வயதில் அதில் இருந்தவர் 1920-களில் பிறந்தவர்.

கடற்கரையும் கடலுக்கு அப்பாலும்

காரைக்கால் பக்கம் பூர்வீகம் என்றால் கொடுத்து வைத்தவர்கள். பிரெஞ்சு ஆட்சியில் பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றும் சாட்சிகளோடு எழுதப்பட்டன. பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்தில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தின் தளத்தில் பழைய பதிவேடுகள் படங்களாகக் கிடைக்கின்றன. 1881-ஆம் வருஷ அரசாணைக்குப் பின் 'ரெனோன்சான்' ஆனவர்கள், அதாவது தங்கள் சமூக வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள், குடும்பப் பெயர் ஒன்றைப் புதிதாக எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷங்களில் ஒரே மனிதருக்கு இரண்டு பெயர் இருக்கும். தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷன் 1706-இல் வந்தது, கோயில் பதிவேடுகள் அந்தக் காலத்திலிருந்து தொடங்குகின்றன. கத்தோலிக்கர் பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவில் ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், சொந்தத்தில்தான் பிடித்திருப்பார்கள். நாகூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்றால் ஜமாஅத்தின் கல்யாணப் பதிவேடான நிக்காஹ் தப்தர்: மணமக்களின் தகப்பன், வலி (பெண்ணின் பொறுப்பாளர்), சாட்சிகள், மஹர் (மணக்கொடை).

ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் போனவர்களுக்குக் கப்பல் பட்டியலும் எமிகிரேஷன் பாஸும் இருக்கின்றன. நேட்டாலுக்கு முதல் கப்பல் ட்ரூரோ சென்னையிலிருந்து போய் 1860 நவம்பரில் டர்பன் சேர்ந்தது. ஃபிஜிக்குத் தென்னிந்தியர் போனது 1903 முதல். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலில் உள்ள அடையாளம் வரை எழுதியிருக்கிறார்கள். ஊர்ப் பெயர்தான் சிதைந்திருக்கும். 'ஷியாலி' சீர்காழி, 'மாயவரம்' மயிலாடுதுறை, 'நெகபட்டாம்' நாகப்பட்டினம். 'ட்ரிவலூர்' என்பதைத் திருவள்ளூர் என்று எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுப் பக்கம் அலைகிறவர்கள் உண்டு. ஜில்லா தாஞ்சூர் என்று இருந்தால் அது திருவாரூர். எழுத்தரின் காதில் விழுந்தபடி எழுதியது என்பதால் ஆங்கில எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். அப்புறம் அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். ஒரே பெயரில் மூன்று ஊர் இருந்தால் ஜாதியும் தெருவும் வைத்துக் கழிக்கலாம்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனவர்களுக்கு இவ்வளவு வசதி இல்லை. அங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பழைய பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த ஊர், சிங்கப்பூர் தேசிய நூலகம் இலவசமாகப் போட்டிருக்கும் பழைய நாளிதழ்களின் மரண அறிவிப்பு ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். ஊருக்கு அனுப்பிய பணத்தில் வாங்கிய நிலத்தின் பத்திரத்தில், "தற்சமயம் பினாங்கிலிருக்கும்" என்று எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வரி இரண்டு கரையையும் இணைத்துவிடும்.

மரத்தில் ஏற்றும்போது

முதலில் சொந்தக் கணினியில் கிராம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருளில் ஏற்றுங்கள். ஃபேமிலி சர்ச், ஜெனி இரண்டும் உலகத்துக்கே ஒரே மரம் என்ற முறை, யார் வேண்டுமானாலும் வந்து மாற்றலாம், இணைக்கலாம். 'ராமசாமி, தஞ்சாவூர், சுமார் 1850' என்று ஒரு ஆளை ஏற்றினால் ஒரே மாதத்தில் நாலு வேறு ராமசாமியோடு பொருந்துவதாகத் தளமே யோசனை சொல்லும். தகப்பன் பெயர், ஊர், மனைவி பெயர் மூன்றில் குறைந்தது இரண்டு ஆவணத்தோடு ஒத்துப்போகாமல் இணைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். இணைத்ததைப் பிரிப்பது இணைப்பதைப் போலப் பத்து மடங்கு வேலை.

குடும்பப் பெயர்க் கட்டத்தில் தகப்பன் பெயரைப் போடுவதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு. தலைமுறைக்குத் தலைமுறை 'குடும்பப் பெயர்' மாறுவதாக மென்பொருள் எடுத்துக்கொள்ளும், தேடலும் பொருத்தமும் கெடும். கிராம்ப்ஸில் தகப்பன் வழிப் பெயர் என்று வகை குறிக்க இடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். மற்ற தளங்களில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பிள்ளை, அய்யர், மூப்பனார், படையாச்சி போன்றவை பின்னொட்டுக் கட்டத்தில் போகட்டும். வாண்டையார், மழவராயர், சோழகர் போன்ற கள்ளர் பட்டங்கள் மட்டும் தகப்பன் வழியில் மாறாமல் வருவதால் குடும்பப் பெயராகவே வைக்கலாம். ஊரை அன்றைய பெயரோடும் இன்றைய பெயரோடும் இரண்டாகக் குறித்துவிடுங்கள்.

மாமன் மகள், அத்தை மகள், அக்கா மகள் கல்யாணங்களால் ஒரே மனிதர் இரண்டு வழியில் மூதாதையாக வருவார். அக்கா மகளைக் கட்டியவர் தன் மனைவிக்குத் தாய்மாமனும் கூட, அவர் பிள்ளைகள் தலைமுறைக் கணக்கில் அரைப்படி மேலே நிற்பார்கள். மென்பொருள் எச்சரிக்கை கொடுக்கும், அசட்டை செய்யலாம். ஆனால் அந்த மனிதரை இரண்டு தடவை புது ஆளாக ஏற்றிவிடாமல், ஏற்கெனவே இருக்கும் பதிவோடு கோர்க்க வேண்டும். டி.என்.ஏ. சோதனைத் தளங்கள் 'இரண்டாம் தலைமுறை ஒன்றுவிட்ட உறவு' என்று காட்டுவது நம் குடும்பங்களில் பெரும்பாலும் இன்னும் தூரத்து உறவாக இருப்பதும் இதனால்தான்.

கோப்பை வெளியே எடுக்கும்போது குடும்ப மர மென்பொருள்களுக்குப் பொதுவான ஜெட்காம் வடிவத்தில், எழுத்துக் குறியீடு யூ.டி.எஃப்.-8 என்று தேர்ந்தெடுங்கள். பழைய ஆன்செல் குறியீட்டில் எடுத்தால் தமிழ்ப் பெயர் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஆதாரம்: சார்பதிவகம், புத்தகம், பத்திர எண், வருஷம். வாய்மொழி என்றால் யார் சொன்னது, எந்த வருஷம் சொன்னது. உயிரோடு இருப்பவர்கள் பிறந்த தேதியையும் தாயார் பெயரையும் பொதுவில் போட வேண்டாம், வங்கிக்காரர்கள் போனில் கேட்கும் கேள்விகள் அவை. பத்திர நகலின் படத்தை ஏற்றுவதாக இருந்தால் இன்றைய சர்வே எண்ணும் கைரேகையும் உள்ள பக்கத்தை மறைத்துவிட்டு, தலைப்பு வரிகளை மட்டும் வெட்டிப் போடுங்கள்.